ஒன்பது மணிக்கு மிஸ், மூன்று மணிக்கு அம்மா

எங்கள் வீட்டில் ஒரு மணி இருந்தது. பழைய இரும்புத் தகடு ஒன்றைக் கம்பியில் கட்டி, சமையலறை ஜன்னலுக்கு வெளியே நானே தொங்கவிட்டிருந்தேன். காலை ஒன்பதுக்கு அதை ஒரு தட்டு தட்டினால் என் மகளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பம். பள்ளிக்கூடம் என்பது எங்கள் முன்னறை. மாணவி ஒருத்தி, ஆசிரியை நான். பத்தரைக்கு இன்டர்வெல், மூன்று மணிக்கு லாங் பெல். நடுவில் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றாலும் அவள் எழுந்து நின்று, "மிஸ், தண்ணி குடிச்சிட்டு வரட்டா?" என்று கேட்க வேண்டும்.

மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும். அது நாங்கள் இந்த மலை ஊருக்கு வந்த பிறகு வந்த பழக்கமில்லை. கீழே டவுனில் ஒரு தனியார் பள்ளியில் எட்டு வருடம் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் எடுத்தவள் நான். டீச்சர் வீட்டுப் பிள்ளை அதே பள்ளியில் படித்தால், கேட்டுக்குள் காலை வைத்ததும் அம்மா மிஸ் ஆகிவிட வேண்டும். யாரும் எழுதி வைக்காத சட்டம். மற்ற பிள்ளைகள் எதிரில் "அம்மா" என்று வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டால், சொந்தப் பிள்ளைக்குச் சலுகை என்று பேச்சு வரும். என் மகள் எல்.கே.ஜி.யிலேயே இதைப் படித்துக்கொண்டாள். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அதில் எனக்கு ரொம்பப் பெருமை இருந்தது.

வாசிப்பதில்தான் தவறினாள். மூன்றாம் வகுப்பில் ஒருநாள் அவளை எழுந்து நின்று பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நடுவில் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டாள். பின்பெஞ்சில் ஒருவன் சிரிக்க, வகுப்பே சிரித்தது. மறுநாள் காலையில் வயிற்றுவலி, அதற்கு மறுநாளும் வயிற்றுவலி. தேர்வுக்குக் கேள்வி பதிலை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுவாள். புத்தகத்தைத் திறந்து வாசி என்றால் எச்சில் விழுங்குவாள். வாத்தியார் பிள்ளை மக்கு என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு குரல், மெதுவாக, ஆனால் என் காதில் விழும்படி சொன்னது. யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றே வேலையை விட்டிருப்பேன்.

என் கணவர் மருந்தாளுநர். புதூர்நாடு பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவருக்கு மாற்றல் வந்தபோது, வேலையை விட்டுவிட்டு நானும் மகளும் கூடவே மலையேறினோம். மலையில் பள்ளிக்கூடம் இல்லாமல் இல்லை. எனக்குத்தான் திமிர். நாற்பது பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்தவளுக்குத் தன் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாதா என்று, வீட்டிலேயே வைத்துப் படிக்க வைப்பதாகச் சொல்லிவிட்டேன். கணவர் எதற்கும் உடனே மறுப்புச் சொல்கிறவர் அல்ல. ஒரே ஒரு கெடு வைத்தார்.

"அடுத்த ஜூன் வரைக்கும் பாரு. அதுக்குள்ள அவ தடங்கல் இல்லாம படிக்கலன்னா திருப்பத்தூர்ல ஹாஸ்டல் ஸ்கூல்ல சேத்துடலாம். எங்க அக்கா வூடு கிட்டதான். பாத்துக்குவாங்க."

அவளுக்கு அப்போது எட்டு முடிந்து ஒன்பது நடந்தது. தூக்கத்தில் என் மேல் காலைப் போட்டுக்கொண்டுதான் படுப்பாள். ஹாஸ்டலில் அவள் தனியாகப் படுப்பதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தில்தான் மணியைத் தொங்கவிட்டேன், அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன், சிவப்புப் பேனா ஒரு டப்பா வாங்கினேன். பயந்துபோன டீச்சரைவிட மோசமான டீச்சர் கிடையாது. அது எனக்கு அப்போது தெரியாது.

ஏழு மாதம் இப்படி ஓடியது. தினமும் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்வேன். அவள் விரலை வைத்துக் கூட்டுவாள். என் கண் அவள் விரலுக்கு இரண்டு சொல் முன்னாலேயே போய்க் காத்திருக்கும். அவள் தவறுவதற்குள் நான் திருத்திவிடுவேன். என் உதடு அசைவதைப் பார்த்துப் பார்த்தே வாசிக்கப் பழகிக்கொண்டாள் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. கண்டுபிடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு அவள் வாசிப்பதையே நிறுத்திவிட்டாள்.

தை மாதத்தில் ஒருநாள் இன்டர்வெல் முடிந்து மணி அடித்தேன். அவள் வரவில்லை. இன்னொரு முறை அடித்தேன். எனக்கு மூக்கின் நுனியில் கோபம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அன்றைக்கு நோட்டில் எதையோ திருத்திக்கொண்டிருந்தேன். நிலைப்படி அருகே நிழல் தெரிந்தது.

"மே ஐ கம் இன் மிஸ்?"

தலையைத் தூக்காமலே, "இவ்ளோ நேரம் எங்க போன?" என்றேன்.

"கல்லுல வழுக்கி வுழுந்துட்டேன் மிஸ்."

அப்புறம்தான் பார்த்தேன். முழங்காலில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. ரத்தம் முழங்காலிலிருந்து இறங்கி, கணுக்காலைத் தாண்டி, நிலைப்படியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. உள்ளே வரச் சொல்வேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

தூக்கிக்கொண்டு ஓடினேன். சுகாதார நிலையத்தில் நாலு தையல் போட்டார்கள். ஊசி இறங்கியபோது, "அம்மா... அம்மா..." என்று கத்தினாள். அப்போது மணி பதினொன்றரை இருக்கும். காலை ஒன்பதுக்கும் மாலை மூன்றுக்கும் இடையில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டு எத்தனை மாதமாயிற்று என்று நினைத்துப் பார்த்தேன். என் பிள்ளையை நானே என்னிடமிருந்து பிரித்து வைத்திருக்கிறேன் என்று தோன்றியது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். கணவர் கையில் மாத்திரைப் பட்டையோடு பக்கத்தில் வந்து நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தத் தகட்டைக் கழற்றினேன். மிஸ் என்று கூப்பிடுவதும் அத்தோடு நின்றது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பாறை உண்டு. அதன் மேல் ஏறி நின்றால்தான் போனில் சிக்னல் வரும். அங்கே நின்று என் பழைய தோழிக்குப் பேசினேன். என்னோடு வேலை பார்த்தவள். தன் இரண்டு பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"பாடப் புத்தகத்த மூணு மாசம் பெட்டில போட்டு மூடு," என்றாள். "நல்ல கதைப் புத்தகமா எடுத்து நீ படிச்சுக் காட்டு. அவள படிக்கச் சொல்லாத. முடிஞ்சதும் அவளா எதுனா சொன்னா கேட்டுக்க. கேள்வி மட்டும் கேக்காத."

"கேள்வி கேக்காம எப்படிடீ சொல்லித்தர்றது?"

"அதான் உன் வியாதி," என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கோபத்தில் போனை வைத்துவிட்டேன். ஆனால் சொன்னதைச் செய்யாமலும் இருக்க முடியவில்லை, ஏனென்றால் என்னிடம் வேறு வழி இல்லை.

பாடப் புத்தகங்கள் தகரப் பெட்டிக்குள் போயின. மாதக் கூட்டத்துக்குக் கீழே போகும்போதெல்லாம் கணவர் நூலகத்திலிருந்து கதைப் புத்தகங்கள் எடுத்து வந்தார். நானும் மாறிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். நான் செய்தது என்னவென்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. அந்த மென்மையான முறைக்கும் ஓர் அட்டவணை போட்டேன். ரோஸ் நிறச் சார்ட்டில், ஒன்பது முதல் ஒன்பது இருபது வரை கதை, ஒன்பது இருபது முதல் ஒன்பதரை வரை "நீயே சொல்". பூ பொம்மைகூட ஒட்டியிருந்தேன்.

என் மகள் சமர்த்து. கதையைக் கேட்பாள், நன்றாகவே கேட்பாள். முடிகிற சமயம் வந்ததும் கொட்டாவி விடுவாள். "மிச்சம் நாளைக்கும்மா." சரி என்று, அடையாளத்துக்கு ஒரு நூல் இழையை வைத்துப் புத்தகத்தை மூடிவிடுவேன். மறுநாள் வேறு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள். ஒரு மாதம் கழித்து அலமாரியைத் தூசி தட்டும்போது பார்த்தேன், ஆறு புத்தகம், ஆறிலும் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் நூல். ஒரு கதையைக்கூட நாங்கள் முடித்திருக்கவில்லை. கதை முடிந்தால் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். இந்தப் பாடத்திலிருந்து நாம் என்ன தெரிந்துகொள்கிறோம் என்று ஏழு மாதமும் ஒவ்வொரு பாடத்தின் வாலிலும் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். கேட்பது எனக்கே தெரியாமல் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. கேள்விக்குப் பயந்து, எந்தக் கதைக்கும் முடிவு தெரியாமலே வாழ என் பெண் தயாராக இருந்தாள்.

மாசி பிறந்ததும் மலையில் புளி ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். சாமை விதைக்கிற நிலம் கொஞ்சம், வீட்டுக்குப் பின்னால் நாலு புளியமரம். உலுக்கிக் காயவைத்த புளியை முற்றத்தில் குவித்து, நாலைந்து பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டுவார்கள். கீழே ஒரு தட்டைக் கல், கையில் ஒரு சாண் இரும்புக் கம்பி. காலையிலிருந்து சாயங்காலம் வரை டக் டக்கென்று சத்தம் வந்துகொண்டே இருக்கும். என் மகள் தையல் பிரித்த கால் ஆறியதும் அங்கே போய் உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தாள். ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் வரவில்லை. அட்டவணை கெட்டுவிடுமே என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு நானே அங்கே போனேன்.

"வாங்க டீச்சரம்மா," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "புஸ்தகத்தோட வந்துட்டீங்க? சத்தமா படிங்க, எங்க காதுலயும் வுழட்டும்."

அன்றைக்கு எடுத்துப் போனது கொஞ்சம் தடிமனான புத்தகம். ஒரு வீட்டில் பெரிய மகளின் கல்யாணச் சீராகப் பசுவையும் அவளோடு அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பசுவை வளர்த்த சின்ன மகள், யாரிடமும் சொல்லாமல் அதைத் தேடிக்கொண்டு அக்காள் ஊருக்கு நடந்தே போகிறாள். முதல் அத்தியாயம் படித்தேன். கம்பிகளின் சத்தம் மெல்லக் குறைந்து, பசு தெருமுனை திரும்புகிற இடத்தில் நின்றே போயிற்று. ஒருத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. புத்தகத்தை மூடினேன்.

"இப்ப சொல்லுங்க பாக்கலாம். அந்தப் பொண்ணு ஏன் அழுதா?"

ஐந்து பெண்களும் கண்ணைத் தாழ்த்தி அவரவர் மடியில் இருந்த புளியைப் பார்த்தார்கள். எனக்கு அந்தப் பார்வை தெரியும். ஏழு மாதமாகத் தினமும் என் எதிரில் உட்கார்ந்திருந்த பார்வை. பக்கத்து வீட்டுக்காரிதான் வாயைத் திறந்தாள்.

"டீச்சரம்மா, கதைய கேட்டா அழுவ வருது. நீங்க கேள்வி கேட்டா வந்த அழுவையும் ஓடிப் பூடுது."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் என் மகள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. எழுந்து, புடவையில் ஒட்டிய புளி ஓட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, புத்தகத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். எட்டு வருஷ அனுபவத்தைக் கொட்டை தட்டுகிறவள் கேலி செய்வதா என்று பொருமினேன். அப்படி நினைத்ததை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

மறுநாள் நான் போகவில்லை. பதினோரு மணிக்கு அவளே வாசலில் வந்து நின்றாள். கையெல்லாம் புளி அப்பியிருந்தது.

"அந்த மாடு இன்னா ஆச்சுன்னு தெரியாம எனக்கு தூக்கமே இல்ல. கோவத்த அப்பறம் வெச்சிக்கலாம், வந்து படிங்க டீச்சரம்மா."

போனேன். அன்றிலிருந்து அந்த முற்றத்துக்கு ஒரு வழக்கம் ஏற்பட்டது. வாயால் படிக்கிற நேரத்தில் படிக்க வேண்டும், படித்து முடித்தால் கையில் கம்பியை எடுத்துக்கொண்டு கொட்டை தட்ட வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் அங்கே யாரும் கிடையாது, அதனால் எனக்கும் விலக்கில்லை. கையில் வேலை இருந்தபோது என்னால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. முகம் பார்க்காதபோது கேள்வியும் வரவில்லை. இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

கேள்விதான் இல்லையே தவிர பேச்சுக்குக் குறைவில்லை. பசுவை அனுப்பிய அப்பனை ஒருத்தி திட்டித் தீர்த்தாள். அக்காள் பாவம் என்றாள் இன்னொருத்தி. புது வீட்டுக் கொட்டகையில் பசு வைக்கோல் தின்றது என்று நான் படித்ததும் பக்கத்து வீட்டுக்காரி கம்பியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அதெல்லாம் பொய்யி. வேத்து வூட்டு கொட்டாயில மாடு மூணு நாளைக்கு தீனி எடுக்காது. எழுதுனவரு மாடு வெச்சிருக்க மாட்டாரு."

"இல்லக்கா," என்று ஒரு குரல். என் மகள். "அது மூணு நாளா ஒண்ணுமே தின்னலன்னு முன்னாடியே வந்துச்சு. இவ போயி கழுத்த தடவிக் குடுத்த அப்பறம்தான் தின்னுது."

நான் பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். முந்தின நாள் படித்த பக்கத்தில், ஒரே ஒரு வரியில் இருந்தது. படித்த நானே மறந்திருந்தேன்.

"அப்ப சரி," என்று கம்பியை எடுத்துக்கொண்டாள் பக்கத்து வீட்டுக்காரி. அவ்வளவுதான். என் மகளை யாரும் பாராட்டவில்லை. அவளும் பாராட்டை எதிர்பார்த்து யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அந்தக் கதையைக் கடைசிப் பக்கம் வரை படித்தோம். முடிந்ததும் எல்லோரும் கம்பியை எடுத்துக்கொண்டார்கள். நானும் நாக்கைக் கடித்துக்கொண்டு கொட்டை தட்டினேன். உறவுக்காரர் வீட்டுக்கு விருந்தாடிப் போய் மூன்று நாள் வராமல் இருந்த ஒருத்தி மறுநாள் வந்து, "எங்க வுட்டோம், இன்னா ஆச்சு?" என்று கேட்டாள். என் மகள் அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து முடிவு வரை ஒரு மூச்சில் சொன்னாள். அந்தப் பெண்ணின் நடையையும் பசுவின் பெருமூச்சையும் நடித்துக்கூடக் காட்டினாள். நான் தலையைத் தூக்கவே இல்லை. தூக்கினால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். வீட்டுக்கு வந்து ரோஸ் நிறச் சார்ட்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

ஆனால் வாசிப்பு வரவில்லை. பங்குனி போய்ச் சித்திரை வந்துவிட்டது. கேட்பாள், சொல்வாள், சண்டை போடுவாள், புத்தகத்தைக் கையில் எடுக்க மாட்டாள். காலண்டரைப் பார்த்தால் ஜூன் நெருங்கி வந்து நின்றது. அந்த நேரம் பார்த்து எனக்குக் கடைவாய்ப் பல் வலி வந்தது. புதுக் கதை ஒன்று நல்ல கட்டத்தில் இருந்தது. ஆற்றங்கரையில் தொலைந்துபோன தம்பியைத் தேடி ஒரு பெண் போய்க்கொண்டிருக்கிறாள். அந்த இடத்தில் நூலை வைத்துவிட்டு, காலை ஜீப்பைப் பிடித்துத் திருப்பத்தூர் போனேன். பல்லைப் பிடுங்கி முடிப்பதற்குள் மலைக்குத் திரும்புகிற வண்டி போய்விட்டது. நாத்தனார் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள்தான் திரும்பினேன்.

ஜீப்பிலிருந்து இறங்கி நடந்து வரும்போதே குரல் கேட்டது. புளிக்கொட்டைச் சத்தத்துக்கு நடுவில், நின்று நின்று, இழுத்து இழுத்து ஒரு குரல். பக்கத்து வீட்டுப் பலாமரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டேன்.

என் மகள் வாசித்துக்கொண்டிருந்தாள். புத்தகம் மடியில் இருந்தது. ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டாள். நான் மரத்தைப் பிடித்துக்கொண்டேன். முற்றத்தில் யாருக்கும் அவசரமில்லை. டக், டக், டக். அவள் கூட்டிப் பார்த்தாள், வரவில்லை, தாண்டிப் போய்விட்டாள். அடுத்த வரியில் அந்தச் சொல் மறுபடி வந்திருக்க வேண்டும். அங்கே சரியாகச் சொன்னாள்.

எனக்குக் கால் நிற்கவில்லை. சந்தோஷத்தில் மரத்தைச் சுற்றிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்றாள். புத்தகத்தை மூடி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கால்களை ஒட்டி, வகுப்பில் நிற்பது மாதிரி நின்றாள்.

"உக்காரு பாப்பா, உங்க அம்மாதான்," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அவள் உட்காரவில்லை. மிஸ் என்று அவள் என்னைக் கூப்பிட்டு மூன்று மாதமாகியிருந்தது. சொல் போய்விட்டது, கால்களுக்கு மறக்கவில்லை. பல் பிடுங்கிய தாடை வீங்கியிருந்ததால் என்னால் சரியாகப் பேசவும் முடியவில்லை. கையால் "படி, படி" என்று காட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஊர் முழுவதற்கும் வாசிப்பாள், எனக்கு மட்டும் வாசிக்க மாட்டாள் என்பது பல்லைவிட வலித்தது. யாராவது கேட்டால் பல் வலி என்று சொல்லிக்கொள்ளலாம் என்ற வசதி மட்டும் இருந்தது.

சாயங்காலம் கணவர் வந்தார். ஹாஸ்டல் பள்ளியின் விண்ணப்பப் படிவம் அவர் பையில் இருந்தது. மேஜைமேல் வைக்கத் தயங்கி, அலமாரிக்குள் வைத்தார். நான் வீங்கிய தாடையைப் பிடித்துக்கொண்டே, முற்றத்தில் கேட்டதைச் சொன்னேன்.

"உனக்கு படிச்சிக் காட்னாளா?"

"இல்ல. என்ன பாத்ததும் நிறுத்திட்டா."

"அப்ப எங்கிட்ட ஒரு பக்கம் படிக்கச் சொல்லு. நான் கேட்டா போதும். எனக்கு மட்டும் அவள அனுப்பணும்னு ஆசையா? நாளைக்கு ஆறாவதுல நின்னு எழுத்து கூட்டிட்டு இருப்பாளே, அத நெனச்சாதான்..."

அவர் சொன்னது நியாயம். கூப்பிட்டு ஒரு பக்கம் படிக்கச் சொன்னால், ஒருவேளை படித்தும் விடுவாள். கெடுவும் முடிந்துவிடும், ஹாஸ்டலும் இல்லை. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் பலாமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்ததும் நான்தான். இப்போது எழுப்பி நிறுத்தினால் அவள் ஆயுசுக்கும் நின்றுகொண்டேதான் வாசிப்பாள்.

"சொல்ல மாட்டேன்," என்றேன். "ஜூன் வரைக்கும்னு நீங்கதான சொன்னீங்க? ஜூன் இன்னும் வரல."

தேர்வு வைத்தே பிழைத்தவள், ஒரு தேர்வை வேண்டாம் என்று சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கால் கழுவப் போனார்.

மே மாதம் முழுவதும் நான் அந்த முற்றத்துப் பக்கம் போகவில்லை. தம்பியைத் தேடும் அந்தப் புத்தகம் மட்டும், நூல் நாளுக்கு ஓரிரு பக்கம் நகர, போய் வந்துகொண்டிருந்தது. சமையலறையில் நின்றால் குரல் கேட்கும், சொற்கள் கேட்காது. குழம்பைத் தீயவிட்ட நாட்கள் உண்டு. என் பொறுமையைப் பார்த்து எனக்கே ஆச்சரியமாக இருந்தது, பொறுமை என்று அதைச் சொல்லலாமா தெரியவில்லை. ஒருநாள் கோபம் தாங்காமல், மணியாக இருந்த அந்தத் தகட்டை எடுத்துக்கொண்டு போய்க் குப்பைக்குழியில் எறிந்தேன்.

ஜூன் வந்தது. புளி வேலை முடிந்து முற்றம் காலியாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரி பெரிய பலாப்பழம் ஒன்றைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனாள். நான் பின்பக்கம் சாக்கை விரித்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறுத்தேன். எண்ணெயையும் மீறிப் பால் ஒட்டி, ஐந்து விரலும் ஒன்றோடொன்று பிசுபிசுத்தன. கணவர் உள்ளே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் மாதக் கூட்டம். படிவத்தை எடுத்துப் போவாரா மாட்டாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மகள் புத்தகத்தோடு வந்தாள்.

"ம்மா, மீதி படி. முற்றத்துல யாரும் இல்ல. அந்த தம்பி கெடச்சானா தெரியல."

"எப்படிடா படிக்கறது? கையப் பாரு."

பார்த்தாள். புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளி, கல்லின் மேல் உட்கார்ந்தாள்.

"நீ இப்ப மிஸ்ஸா, அம்மாவா?"

கத்தி என் கையில் அப்படியே நின்றது. "அம்மா," என்றேன்.

"அப்ப பழத்தப் பாரு. என்னப் பாக்காத."

நான் பழத்தைப் பார்த்தேன். சடையை விலக்கிச் சுளையை எடுத்தேன், சுளையைக் கீறிக் கொட்டையை எடுத்தேன். அவள் ஆரம்பித்தாள். மெதுவாகத்தான். ஒவ்வொரு வரியின் முடிவிலும் மூச்சு வாங்கினாள். உள்ளே இஸ்திரிப் பெட்டியின் சத்தம் நின்றுவிட்டது. மூன்றாவது வரியில் ஒரு சொல்லைத் தப்பாகப் படித்தாள். சரியான சொல் என் தொண்டை வரை வந்தது. ஒரு சுளையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டேன். அடுத்த பக்கத்துக்குள் மூன்று சுளை தின்றிருந்தேன்.

தம்பி கிடைத்துவிட்டான். பரிசல்காரர் வீட்டில் கூழ் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் கடைசிப் பக்கத்தின் கடைசி வரியைப் படித்து, புத்தகத்தை மூடினாள். நான் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்வாசலில் கணவர் நிற்பது தெரிந்தது. அவர் சத்தம் காட்டாமல் உள்ளே போனார். மறுநாள் அவர் கூட்டத்துக்குப் போன பிறகு அலமாரியைத் திறந்தபோது படிவம் வைத்த இடத்திலேயே இருந்தது.

அவள் கல்லிலிருந்து எழுந்து வந்து என் எதிரில் சாக்கின் மேல் உட்கார்ந்தாள்.

"ம்மா, நீ வேணும்னா கேள்வி கேளு. ஒண்ணே ஒண்ணுதான்."

எட்டு வருடம் வகுப்பில், அதற்கு மேல் ஒரு வருடம் வீட்டில், எத்தனை ஆயிரம் கேள்விகள் கேட்டிருப்பேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. கையில் ஒரு சுளை இருந்தது.

"சுள வேணுமா?" என்றேன்.

"ம்," என்று வாயைத் திறந்தாள்.